தாவரக் கலத்துக்கு இழைமணி எதற்கு? ஒப்பீட்டு அட்டவணையில் எழுந்த சில கேள்விகள்

மஸ்கெலியா மாலை வகுப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மஸ்கெலியாவை அண்டிய தோட்டமொன்றில், க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு மாலை நேரங்களில் விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். தாவரக் கலத்தையும் விலங்குக் கலத்தையும் ஒப்பிடும் அட்டவணையைப் பிள்ளைகள் எல்லோரும் தடங்கலின்றி ஒப்புவிக்கிறார்கள்: தாவரக் கலத்துக்குக் கலச்சுவர் உண்டு, பச்சையவுருமணி (ஒளியைக் கொண்டு உணவு ஆக்கும் பச்சை நிறப் பகுதி) உண்டு, நடுவில் பெரிய புன்வெற்றிடம் (சாறு நிரம்பிய பை) உண்டு, விலங்குக் கலத்துக்கு இவை இல்லை, புன்மையத்தி (கலப்பிரிவில் பங்கெடுக்கும் நுண்ணிய பகுதி) உண்டு. ஆனால், அந்த அட்டவணையை வைத்துக்கொண்டே அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நிறைவான விடை தர வேண்டும் என்பது என் விருப்பம்.

வெங்காயத்தின் உட்தோலை நுணுக்குக்காட்டியில் பார்த்த ஒரு மாணவி, அதில் பச்சை நிறமாக எதுவுமே தெரியவில்லையே, அப்படியானால் அது தாவரக் கலம் இல்லையா என்று கேட்டாள். தேயிலைச் செடி தன் உணவைத் தானே பச்சையவுருமணியில் ஆக்கிக்கொள்ளும்போது அதற்கு இழைமணி (உணவிலிருந்து சக்தியை வெளிப்படுத்தும் கலப் பகுதி, மைற்றோகொண்டிரியா) எதற்கு என்பது இன்னொருவனின் கேள்வி. விலங்குக் கலத்துக்கு மட்டும் ஏன் சுவர் இல்லை என்பதையும் பலர் கேட்கிறார்கள். இந்தப் பிள்ளைகளின் பெற்றோர் மலையில் கொழுந்து பறிப்பவர்கள், தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள், மரக்கறித் தோட்டம் வைத்திருப்பவர்கள். அவர்கள் நாளாந்தம் காணும் பொருள்களைக் கொண்டே விளக்க முடியுமானால் பெரிதும் உதவியாக இருக்கும்.

அட்டன் விஞ்ஞான ஆசிரியர் எழுதியது:

வணக்கம் ஆசிரியை அவர்களே. இழைமணி பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பச்சையவுருமணி தாவரத்துக்கு, இழைமணி விலங்குக்கு என்று பிரித்து எழுதும் தவறையே என் வகுப்புகளில் நான் அதிகமாகக் காண்கிறேன். இரண்டும் ஒரே வேலையைச் செய்யும் இரு புன்னங்கங்கள் (கலத்தினுள் உள்ள சிறு உறுப்புகள்) என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்வதால் இது நேர்கிறது.

பச்சையவுருமணி ஒளியின் சக்தியைப் பற்றி, காபனீரொட்சைட்டையும் நீரையும் கொண்டு வெல்லம் ஆக்குகிறது. அந்த வெல்லத்தில் சக்தி அடங்கியிருந்தாலும், கலம் தன் புரதங்களை ஆக்கவும், மண்ணிலிருந்து கனியுப்புகளை உள்ளெடுக்கவும், பிரிந்து வளரவும் அதை அப்படியே பயன்படுத்த முடியாது. வெல்லம் சிதைக்கப்பட்டு, அதிலிருந்து வெளிவரும் சக்தி ஏ.ரீ.பீ. என்னும் மூலக்கூறில் சேர வேண்டும். இச்செயலின் முதற்படி குழியவுருவில் (கருவுக்கு வெளியே கலத்தை நிரப்பும் பாயத்தில்) நடந்தாலும், ஒட்சிசனைப் பயன்படுத்தி மிகப் பெரும்பங்கு ஏ.ரீ.பீ.யைத் தரும் படிகள் இழைமணியிலேயே நடக்கின்றன. பச்சையவுருமணியும் ஒளியில் ஏ.ரீ.பீ. ஆக்குகிறது என்பது உண்மை, ஆனால் அது பெரும்பாலும் அங்கேயே வெல்லம் ஆக்கும் வேலைக்குச் செலவாகிவிடுகிறது. இரவில் அதுவும் இல்லை. மண்ணுக்குள் இருக்கும் வேரின் கலங்களில் பச்சையவுருமணியே கிடையாது. இலையில் ஆக்கப்பட்டு உரியத்தின் (உணவைக் கடத்தும் இழையத்தின்) வழியாக இறங்கி வரும் வெல்லத்தைக் கொண்டு, தம் இழைமணிகளின் துணையால்தான் அவை இரவும் பகலும் வாழ்கின்றன.

உங்கள் பிள்ளைகளுக்கு இதைக் காட்ட, கவ்வாத்துச் செய்த (செடிகளின் கிளைகளைத் தாழ வெட்டிய) மலையைவிடச் சிறந்த சான்று எனக்குத் தோன்றவில்லை. கவ்வாத்து வெட்டிய செடியில் இலையே இல்லாதபோது ஒளித்தொகுப்புக்கு இடமில்லை. எனினும் சில வாரங்களில் தண்டிலிருந்து புதுத் துளிர்கள் வெடித்து வருகின்றன. வேரில் சேர்த்து வைத்திருந்த மாப்பொருளைச் செடி வெல்லமாக மாற்றி, இழைமணிகளில் அதிலிருந்து சக்தியைப் பெற்றே அந்தத் துளிர்களை ஆக்குகிறது. கவ்வாத்துக்கு முன்பு வேரை வெட்டி அயடீன் இட்டு மாப்பொருள் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் இதுவே காரணம். சேமிப்புக் குறைந்த செடி கவ்வாத்துக்குப் பின் பட்டுப் போகலாம்.

அடுத்து வெங்காயம். அந்த மாணவியின் ஐயம் மிகச் சரியானது, அதைப் பாராட்டுங்கள். நுவரெலியாப் பக்கத்து லீக்ஸ் ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். மண் அணைத்து மூடிய அடிப்பாகம் வெள்ளையாகவும், அதே இலையின் மேற்பாகம் பச்சையாகவும் இருக்கும். இரண்டு பாகங்களிலும் கலங்களின் கருவில் உள்ள பரம்பரைத் தகவல் ஒன்றுதான். ஒளி படாத பாகத்தில் உருமணிகள் (பச்சையவுருமணியாகவோ மாப்பொருள் சேமிப்பாகவோ மாறக்கூடிய புன்னங்கங்கள்) பச்சையவுருமணிகளாக விருத்தியடையவில்லை, அவ்வளவே. உருளைக்கிழங்கும் அப்படித்தான்: வெளிச்சத்தில் கிடந்தால் தோலடியில் இருக்கும் மாப்பொருள் தாங்கிய உருமணிகள் பச்சையவுருமணிகளாக மாறிவிடும். (அப்படிப் பச்சையான கிழங்கில் சோலனீன் என்னும் நச்சுப் பொருளும் கூடியிருக்கும் என்பதால் அதைச் சமைக்கக் கூடாது என்பதையும் சொல்லி வையுங்கள்.) வெங்காயக் கலம் விலங்குக் கலம் அல்ல என்பதற்கு, அயடீன் இட்டதும் தெளிவாகத் தெரியும் கலச்சுவரே போதுமான சான்று.

ஆகவே அட்டவணையில் 'பச்சையவுருமணி உண்டு' என்று எழுதுவதைவிட, 'ஒளித்தொகுப்பு நடத்தும் தாவரக் கலங்களில் உண்டு' என்று எழுதப் பழக்குவது நல்லது. கரு எல்லாக் கலங்களிலும் உண்டு என்ற வாக்கியத்துக்கும் இதே எச்சரிக்கை தேவை. முதிர்ந்த மனிதச் செங்குழியத்தில் கருவும் இல்லை, இழைமணியும் இல்லை, உரியத்தின் நெய்யரிக்குழாய் மூலகங்களும் முதிர்ந்தபின் கருவை இழந்துவிடுகின்றன. நீரைக் கடத்தும் காழின் கலன்களோ உயிரற்ற சுவர்கள் மட்டுமே. 1665ஆம் ஆண்டு றொபேட் ஹூக் தக்கையில் கண்டவையும் அத்தகைய வெறும் சுவர்கள்தாம். கலத்தின் உள்ளே உயிருள்ள பகுதி எது என்பது அவருக்குப் பின்னர் வந்தவர்கள் படிப்படியாகக் கண்டறிந்த செய்தி.

டீமேக்கர், தலவாக்கலைப் பக்கம் எழுதியது:

மதிப்புக்குரிய ஆசிரியை அவர்களுக்கு, நான் தேயிலைத் தொழிற்சாலையில் பணியாற்றுபவன். மேலே ஆசிரியர் கூறியவற்றோடு என் வேலைத்தளத்திலிருந்து ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கலத்தின் உட்பகுதி மென்சவ்வுகளால் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டிருப்பது ஏன் என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை, ஆனால் எனக்கு அதுவே கலத்தின் அமைப்பில் மிக முக்கியமான விடயமாகத் தோன்றுகிறது. கறுப்புத் தேயிலை உண்டாவதே அந்தப் பிரிவினை உடைவதால்தான்.

செடியில் இருக்கும் கொழுந்தின் கலத்தில், கற்றெக்கின்கள் எனப்படும் பொலிபீனோல் சேர்வைகள் பெரிய புன்வெற்றிடத்துக்குள் கரைந்திருக்கின்றன. அவற்றை ஒட்சியேற்றும் பொலிபீனோல் ஒட்சிடேசு என்னும் நொதியம் புன்வெற்றிடத்துக்கு வெளியே, பெரும்பாலும் பச்சையவுருமணிகளில் இருக்கிறது. இடையில் மென்சவ்வுகள் இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை; அதனால்தான் செடியில் இலை பச்சையாகவே இருக்கிறது. புன்வெற்றிடம் என்ற பெயரைக் கேட்டதும் அங்கே ஒன்றுமில்லை என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. முதிர்ந்த தாவரக் கலமொன்றின் கனவளவில் 80 சதவீதத்துக்கும் மேலான பங்கை அது பிடித்துக்கொள்ளக் கூடும், கோப்பையில் நாம் சுவைக்கும் துவர்ப்பும் அங்கிருந்தே வருகிறது.

கொழுந்து தொழிற்சாலைக்கு வரும்போது அதன் நிறையில் முக்காற்பங்குக்கு மேல் நீர்தான். அதனை வாட்டற் தொட்டியில் பரப்பிப் பல மணி நேரம் காற்றைச் செலுத்துகிறோம். நீர் போகப் போகக் கலத்தின் உள்ளமுக்கம் குறைந்து இலை துவள்கிறது, மென்சவ்வுகளும் முன்னைவிட எளிதில் பொருள்களைக் கசிய விடுகின்றன. வாடாத இலையை உருளையில் இட்டால் அது முறுகாமல் நொறுங்கிவிடும் என்பதை எங்கள் வேலையாட்கள் எல்லோரும் அறிவார்கள். நீர் நிரம்பி விறைத்த கலங்களின் இயல்பு அது. வாடிய இலை உருளையில் அரைபடும்போது கலங்கள் நசிந்து, புன்வெற்றிடத்தின் சாறும் நொதியமும் கலக்கின்றன, காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்கிறது. அந்தக் கணத்திலிருந்து இலையின் நிறம் செம்பாக மாறத் தொடங்கும். கற்றெக்கின்களிலிருந்து முதலில் தேயாபிளேவின்களும், தொடர்ந்து தேயாறுபிகின்களும் உண்டாகின்றன. முன்னவை சாயத்துக்குப் பொன்னிற ஒளியையும் விறுவிறுப்பையும், பின்னவை செங்கபில நிறத்தையும் செறிவையும் தருகின்றன. எவ்வளவு நேரம் விடுவது என்பதில்தான் எங்கள் அனுபவம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பிறகு டிரையரின் வெப்பம் நொதியத்தை அழித்து அந்த மாற்றத்தை நிறுத்துகிறது. பச்சைத் தேயிலை தயாரிப்பவர்கள் அரைக்கும் முன்பே நீராவியாலோ வறுத்தோ நொதியத்தை அழித்துவிடுவதால் அங்கே கலங்கள் உடைந்த பின்னும் இலை செந்நிறமாவதில்லை.

பிள்ளைகள் தொழிற்சாலைக்கு வரத் தேவையில்லை. இளங்கொழுந்து ஒன்றை உள்ளங்கைகளுக்கு இடையில் நன்றாகக் கசக்கி, ஒரு தட்டில் வைத்து, கசக்காத கொழுந்து ஒன்றை அருகில் வைக்கச் சொல்லுங்கள். மூன்றாவது கொழுந்தைக் கொதிநீரில் சில நிமிடங்கள் அமிழ்த்தி எடுத்த பின் கசக்கச் சொல்லுங்கள். ஓரிரு மணி நேரத்தில் மூன்றுக்கும் இடையிலான வேறுபாட்டை அவர்களே காண்பார்கள்.

மஸ்கெலியா மாலை வகுப்பு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. மூன்று கொழுந்துகளையும் வைத்துப் பார்த்தோம். கொதிநீரில் இட்டது பச்சையாகவே நின்றதைக் கண்டு, நொதியம் என்ற பாடத்தையும் பிள்ளைகள் தாமாகவே இதனுடன் இணைத்துப் பேசினார்கள். கலச்சுவர் பற்றிய கேள்வி மட்டும் எஞ்சியிருக்கிறது. அதையொட்டி ஒரு மாணவன் இன்னொன்றையும் கேட்டான்: மழைக்காலத்தில் காலில் ஏறும் அட்டைக்கு உப்பு வைத்தால் அது சுருண்டு விழுந்துவிடுகிறதே, செடிக்கு உப்பு வைத்தாலும் அப்படித்தான் ஆகுமா?

பேராதனை தாவரவியல் மாணவி எழுதியது:

வணக்கம் அக்கா. அந்தத் தம்பியின் கேள்வியிலேயே கலச்சுவருக்கான விடையும் இருக்கிறது.

அட்டையின் உடல் மெல்லிய ஈரத்தோலால் மூடப்பட்டிருப்பதால், உப்பு பட்டதும் வெளியே செறிந்த கரைசல் உண்டாகி, பிரசாரணத்தால் (மென்சவ்வினூடாகச் செறிந்த கரைசலை நோக்கி நீர் செல்வதால்) உடலிலுள்ள நீர் வெளியேறுகிறது. அதன் கலங்கள் நீரை இழந்து சுருங்குகின்றன. தாவரக் கலமும் செறிந்த உப்புக் கரைசலில் நீரை இழக்கும், ஆனால் சுருங்கும் விதம் வேறு: செலுலோசாலான சுவர் பெரும்பாலும் தன் வடிவத்திலேயே நிற்க, கலமென்சவ்வும் உள்ளே உள்ளவையும் சுவரை விட்டு விலகி உள்நோக்கிச் சுருங்கும். இதை முதலுருச்சுருக்கம் என்கிறோம். உரத்தைச் செடியின் அடியில் அளவுக்கு மிஞ்சிக் கொட்டினால் செடி கருகுவதற்கும், வேரின் கலங்கள் இவ்வாறு நீரை இழப்பது ஒரு காரணம்.

எதிர்த்திசையில் பார்த்தால் சுவரின் பயன் இன்னும் தெளிவாகும். செங்குழியங்களைத் தூய நீரில் இட்டால் நீர் உள்ளே புகுந்து அவை வெடித்துவிடும். நோயாளிக்கு நாளத்தின் வழியாக ஏற்றும் சேலைனில் 0.9 சதவீத உப்பு இருப்பதும் குருதிக் கலங்கள் சுருங்காமலும் வெடிக்காமலும் இருப்பதற்காகவே. தாவரத்தின் வேரோ மழைநீரில் நனைந்தபடியே வாழ்கிறது. அதன் கலங்களுக்குள்ளும் நீர் புகுகிறது, ஆனால் சுவர் எதிர்த்துத் தள்ளுவதால் ஓர் அளவுக்கு மேல் புக முடிவதில்லை. இந்த வீக்க அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் பல மடங்காக இருக்கலாம். எலும்பில்லாத இளந்தண்டும் இலைக்காம்பும் நிமிர்ந்து நிற்பது அதனால்தான்.

விலங்குக்குச் சுவர் இல்லாதது ஒரு குறைபாடு என்று பிள்ளைகள் எண்ண வேண்டாம். வெண்குழியம் பற்றீரியாவைச் சூழ்ந்து விழுங்குவதற்கும், தசைக்கலம் சுருங்கி விரிவதற்கும், முளைய விருத்தியின்போது கலங்கள் ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு நகர்வதற்கும் நெகிழ்வான வெளிப்புறம் இன்றியமையாதது. நீரின் அளவைக் கட்டுப்படுத்தும் பொறுப்பைச் சிறுநீரகம் போன்ற உறுப்புகள் ஏற்றுக்கொண்டதால் விலங்கின் கலங்கள் சுவரின்றியும் வாழ முடிகிறது.

சுவர் இருப்பதெல்லாம் தாவரம் என்றும் முடிவு செய்துவிடக் கூடாது. 1869இல் இலங்கையில் அறியப்பட்டுக் கோப்பித் தோட்டங்களை அழித்த இலைத்துரு நோயும், 1946இல் இங்கு வந்த தேயிலைக் கொப்புள நோயும் பங்கசுகளால் ஏற்படுபவை. பங்கசுக் கலத்துக்கும் சுவர் உண்டு, ஆனால் அதில் செலுலோசுக்குப் பதிலாகக் கைற்றின் என்னும் பொருள் இருக்கிறது, பச்சையவுருமணி கிடையாது. உணவுக்கு அது தேயிலை இலையின் கலங்களையே நம்பியிருக்கிறது.

புன்மையத்தி பற்றியும் ஒரு சொல். பூக்கும் தாவரங்களில் அது இல்லை என்பது சரி. ஆனால் ஹக்கலையிலும் ஹோட்டன் சமவெளியிலும் நிற்கும் மரப்பன்னங்களின் நீந்தும் விந்துக் கலங்கள் உருவாகும்போது புன்மையத்திகள் தோன்றுகின்றன, நீந்த உதவும் சவுக்குமுளைகள் அவற்றிலிருந்தே எழுகின்றன. சாதாரண தரத்துக்கு இது தேவையில்லை என்றாலும், கேள்வி கேட்கும் பிள்ளைக்குச் சொல்லலாம்.

முதலுருச்சுருக்கத்தைக் காட்ட விரும்பினால் றியோ என்னும் அழகுத் தாவரத்தின் இலை மிகப் பொருத்தமானது. அதன் கீழ் மேற்றோலின் கலங்களில் ஊதா நிறச் சாறு இருப்பதால் சாயம் ஏற்றத் தேவையில்லை. சிறு துண்டை உரித்து, வழுக்கியில் (நுணுக்குக்காட்டிக்கான கண்ணாடித் தகட்டில்) ஒரு துளி நீரில் வைத்து, மூடித்துண்டால் மூடிப் பாருங்கள். பிறகு 100 மில்லிலீற்றர் நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அந்தக் கரைசலை மூடித்துண்டின் ஒரு விளிம்பில் இட்டு, எதிர் விளிம்பில் வடிதாளை வைத்து உறிஞ்ச விடுங்கள். சில நிமிடங்களில் ஊதா நிறம் சுவரை விட்டு விலகுவது தெரியும். அதே முறையில் மீண்டும் நீரைச் செலுத்தினால் பெரும்பாலான கலங்கள் பழைய நிலைக்கு வரும். உப்பை அதிகமாக்கினாலும் நெடுநேரம் விட்டாலும் கலங்கள் இறந்து மீளாமல் போகலாம். ஆகவே ஐதான கரைசலிலேயே தொடங்குங்கள்.