கொழும்பை விட்டு வன்னிக்குப் பிள்ளைகளோடு வந்தவர்கள், உங்கள் அனுபவம் என்ன?

குருமன்காட்டு அம்மா:
வெள்ளவத்தை பிளாட்டை விட்டு வவுனியாவுக்கு வந்த கதையை முழுக்க எழுதவில்லை. வாடகையும் பிள்ளைகளுக்கு ஓட இடமில்லாததும் எல்லாருக்கும் தெரிந்ததுதான், இவருக்கும் இங்கே இடமாற்றம் கிடைத்தது, வந்துவிட்டோம். எனக்கு மனசில் நிற்பது சாமான் இறக்கின அன்று பின்னேரம் நடந்தது. லொறி போனதும் தேத்தண்ணி போடலாம் என்று கிணற்றுத் தண்ணியைக் கேத்திலில் விட்டேன். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற பக்கத்து வளவு அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய், தன்னுடைய பழைய கேத்திலைக் கொண்டுவந்து மூடியைத் திறந்து காட்டினார். அடி முழுக்க வெள்ளையாய்த் தடித்துப்போய்க் கிடந்தது. நகத்தால் சுரண்டினார், செதிலாய்க் கழன்று வந்தது. "இதைத்தான் பிள்ளையளுக்குக் குடுக்கப் போறியளோ?" என்று கேட்டுத் தன் வீட்டு பில்டர் தண்ணிக் கானைத் தூக்கித் தந்தார். தந்துவிட்டுத்தான் மற்றதைக் கேட்டார்: "ஏன் பிள்ளை, எல்லாரும் இங்கயிருந்து அங்க போகேக்க நீங்கள் மட்டும் கொழும்பை விட்டுட்டு வாறியள்?"

மாற்றம், வாடகை என்று சொன்னேன். தலையாட்டினார், நம்பவில்லை. முன்பள்ளி வாசலிலும் கடையிலும் இதே கேள்விதான். கேட்கிறவர்களில் அரைவாசிப்பேரின் பிள்ளைகள் கொழும்பிலோ கனடாவிலோ. அவர்களுக்கு முன்னால் நின்று "பிள்ளைகளின் நல்லதுக்காகத்தான் இங்கே வந்தோம்" என்று எப்படிச் சொல்வது? நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

நெடுங்கேணிப் பக்கம்:
எங்களை அப்படி யாரும் கேட்கவில்லை, மனைவியின் ஊர் என்பதால் இருக்கலாம். என் கதை வேறு. இரவு யானையைக் கலைக்க யானை வெடி போட்டார்கள். கொட்டாஞ்சேனையில் பிறந்த என் மகனுக்கு வெடி என்றால் கோயில் திருவிழா. படுக்கையை விட்டு எழும்பிக் கைதட்டி "தேர் வருதோ அப்பா?" என்றான். டோர்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் பக்கத்து வீட்டு அம்மா வாசலில் நிற்கிறார், இடுப்பில் பேரப்பிள்ளை, தோளில் ஒரு பை. அடையாள அட்டை, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அதற்குள் எப்போதும் கட்டியபடியே இருக்குமாம், பிறகு மனைவி சொல்லித்தான் தெரியும். "யானை வெடிதான் அம்மா" என்றேன். "தெரியும் தம்பி" என்றார். பையை இறக்கவில்லை. யானை காட்டுக்குள் போய்ச் சத்தமெல்லாம் அடங்கின பிறகும் அப்படியே நின்றார். என் மகன் உள்ளேயிருந்து இன்னொரு வெடி கேட்டுக் கத்திக்கொண்டிருந்தான், அவன் வாயை எப்படிப் பொத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

மாங்குளத்தார்:
குருமன்காட்டு அக்கா, ஊர்ச்சனம் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும், அதற்கெல்லாம் பதில் தேடிக்கொண்டு இருக்காதீர்கள். என் மகளுக்கு ஒரு இரவு காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்தோம், வந்தது. அதில் வந்த பெடியன் வழி முழுக்கப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தான். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கேத்திலில் படிவது சுண்ணாம்பு, அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. பார்க்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாத புளோரைட். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், வவுனியாப் பக்கக் கிணறுகள் சிலவற்றில் அதைவிடக் கூட. கொதிக்க வைத்தால் அது போகாது, தண்ணி வற்ற வற்ற இன்னும் செறியும். பால்பல் விழுந்து புதுப் பல் முளைக்க முன்னமே முரசுக்குள் அந்தப் பல் உருவாகிக்கொண்டிருக்கும், அதனால் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் கவனம் வேண்டும், பிறகு பல்லில் கறை விழுந்தால் போகாது. ஆர்ஓ தண்ணி, அதாவது மெசினில் வடிகட்டின தண்ணி வாங்குங்கள், கிணற்றுத் தண்ணியைப் பரிசோதிக்கக் கொடுங்கள். சிறுநீரக நோயும் தண்ணியால்தான் என்று சனம் சொல்லும், அதன் காரணம் இன்னும் முடிவாகவில்லை, வீணாகப் பதறாதீர்கள். அடுத்தது, பிள்ளையின் கிளினிக் கொப்பியோடு உங்கள் பகுதி மிட்வைஃபிடம் போய்ப் பதியுங்கள், தடுப்பூசித் தேதி தவறாது. முதலாம் வகுப்புக்கு ஜனவரி 31இல் 5 வயது முடிந்திருக்க வேண்டும். டவுன் பள்ளிக்கூடம் என்றால் வீட்டு முகவரி வாக்காளர் இடாப்பில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், ஆகவே வந்த கையோடு கிராம சேவையாளரிடம் போய் மாற்றுங்கள், பிள்ளையைச் சேர்க்கும்போது புள்ளி போடுவது பழைய வருடப் பதிவுகளுக்குத்தான். கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் இடம் தாராளம், அங்கே இந்த இழுபறி கிடையாது. இன்னொன்று, செருப்பைத் தட்டிப் பார்க்காமல் பிள்ளை காலை விடக் கூடாது. பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதும் வெட்டுவதும் வேண்டாம், நேரே பெரியாஸ்பத்திரி.

கிளிநொச்சி அப்பா:
மாங்குளத்தார் அவர்களே, அக்கா கேட்டது ஒன்று, நீங்கள் எழுதியது ஒரு புத்தகம். இடாப்பு, மிட்வைஃப் எல்லாம் சரி, வேலையைப் பற்றி ஒரு வரி இல்லையே? சம்பளம் எங்கே இருந்து வருகிறது? குடும்பம் கிளிநொச்சியில், நான் வெள்ளி இரவு மெயில் ரயிலில் ஏறி விடியப்புறம் இறங்குகிறேன், ஞாயிறு இரவு திரும்பவும் கொழும்பு. இங்கே வந்த என்னைப்போன்ற ஆம்பிளைகள் நிறையப்பேர் இப்படித்தான், வெளியில் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

போன மாதம் சனிக்கிழமை காலை குளித்துவிட்டு விறாந்தையில் இருந்தேன். மகள் தண்ணி கொண்டுவந்தாள், நாலு வயது, இரண்டு கையாலும் பிடித்தபடி கவனமாக. பூப்போட்ட கண்ணாடிக் கிளாஸ். எங்கள் வீட்டில் எல்லாரும் குடிப்பது எவர்சில்வர் பேணியில், அந்தக் கிளாஸ் வெளியாட்கள் வந்தால் மட்டும் அலுமாரியில் இருந்து எடுப்பது. மனைவியைப் பார்த்தேன், அவளும் கவனித்துவிட்டாள். இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. குடித்தேன்.

இதற்கு யாரும் ஆலோசனை சொல்ல வேண்டாம்.

மாங்குளத்தார்:
கோபிக்காதீர்கள், நான் பொதுவாக எல்லாருக்கும்தான் எழுதினேன். ஆனால் ஒன்று, மாற்றத்துக்கு விண்ணப்பித்துப் பார்த்தீர்களா? அரச வேலை என்றால் வருடாந்த இடமாற்றம் இருக்கிறதே.

கிளிநொச்சி அப்பா:
தனியார் வேலை.

குருமன்காட்டு அம்மா:
மாங்குளத்தார், தண்ணி விஷயத்துக்கு நன்றி, ஆனால் "பயப்படத் தேவையில்லை" என்று தொடங்கிவிட்டு அதைவிடப் பயங்கரமான ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள், நேற்று இரவு மகனின் பல்லை டோர்ச் அடித்துப் பார்த்தேன். நெடுங்கேணி அண்ணை, உங்கள் பக்கத்து வீட்டு அம்மாவை வாசித்த பிறகு எனக்கு ஒன்று விளங்கியது. எங்கள் வேலியம்மாவும் என்னைக் குற்றம் பிடிக்கக் கேட்கவில்லைப் போல. அவருடைய இரண்டு மகன்மாரும் வெளியில். நாங்களும் ஒருநாள் போய்விடுவோமோ, இல்லையோ என்று அறியத்தான் கேட்டாரோ தெரியாது. நேற்று முருங்கைக்காய் கொண்டுவந்தவர் "இந்த வருசம் மாமரம் வைக்கப் போறியளோ?" என்று கேட்டார். வீடு வாடகை, வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும் என்றேன்.

தோணிக்கல்:
மாமரத்தை வையுங்கள் அக்கா, வீட்டுக்காரர் என்ன வேண்டாம் என்றா சொல்லப் போகிறார். கார்த்திகை மழைக்கு முன்னம் வைத்தால் தண்ணி ஊற்றுகிற வேலையும் மிச்சம். ஆர்ஓ தண்ணிக் கானை வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறவர்கள் யாராவது தோணிக்கல் பக்கம் இருந்தால் சொல்லுங்கள், சைக்கிளில் வைத்து உழக்கி இடுப்பு விட்டுப்போச்சு.