சொந்த விளையாட்டு வட்டுகளுக்குக் காப்புப் பிரதி: எந்த முறையில் எழுதுவது?

பழையகன்சோல் (கேள்வி):

வணக்கம். முதல் பிளேஸ்டேஷன், பிளேஸ்டேஷன் 2, டிரீம்காஸ்ட் ஆகிய மூன்றுக்கும் நான் விலைகொடுத்து வாங்கிய அசல் வட்டுகள் என்னிடம் உள்ளன. சிலவற்றில் கீறல்கள் பெருகிவருவதால், அசலைப் பெட்டியில் பத்திரப்படுத்திவிட்டு, பிரதியைக் கொண்டு விளையாட விரும்புகிறேன். இரண்டு பிளேஸ்டேஷன்களிலும் மாட்-சிப் (பிரதி வட்டையும் ஏற்கச் செய்யும் சில்லு) பொருத்தப்பட்டுள்ளது. ஆகவே, பிரதியைக் கன்சோல் ஏற்குமா என்பதன்று என் ஐயம். எந்த முறையில் எழுதினால் அது அசலைப் போலவே இயங்கும் என்பதுதான்.

எழுதும் மென்பொருளில் டிராக்-அட்-ஒன்ஸ், டிஸ்க்-அட்-ஒன்ஸ், ரா என மூன்று தெரிவுகள் உள்ளன. முதல் பிளேஸ்டேஷனுக்கான பந்தய விளையாட்டு ஒன்றை ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்து எழுதினால், பந்தயம் ஓடுகிறது. இசை அறவே இல்லை. அதையே பின் (.bin), க்யூ (.cue) கோப்புகளாக எடுத்து டிராக்-அட்-ஒன்ஸ் முறையில் எழுதினால் இசை வருகிறது. ஆனால் ஒவ்வொரு இசையும் அதற்கு முந்தைய இசையின் கடைசிப் பகுதியிலிருந்து தொடங்குகிறது. மென்பொருளோ இரண்டு முறையும் எழுத்து வெற்றி என்றே அறிவிக்கிறது. இதற்குக் காரணம் என்ன? எழுதும் வேகத்தை எவ்வளவு வைப்பது, டிவிடியில் பிளஸ் (டிவிடி+ஆர்) வாங்குவதா மைனஸ் (டிவிடி-ஆர்) வாங்குவதா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

செக்டர்2352:

இரண்டு கோளாறுகளுக்கும் காரணம் வேறுவேறு. முதலாவது எழுதும்போது நேர்ந்ததன்று. அசலைப் படித்தபோதே நேர்ந்துவிட்டது. சிடியின் ஒவ்வொரு செக்டரிலும் (தரவின் சிறு கூறு) 2352 பைட் உண்டு. ஐஎஸ்ஓ கோப்பு அதில் 2048 பைட்டை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கைவிடுகிறது. தரவு டிராக்குக்குப் பின்னால் வரும் ஒலி டிராக்குகளுக்கு அதில் இடமே இல்லை. இசை போனதற்கு இதுவே காரணம். மேலும், முதல் பிளேஸ்டேஷனின் வட்டுகள் மோட் 2 என்னும் செக்டர் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் காணொளியும் எக்ஸ்ஏ எனப்படும் சுருக்கிய ஒலியும் பெரும்பாலும் அதன் உட்பிரிவான ஃபார்ம் 2 செக்டர்களில், செக்டருக்கு 2324 பைட் வீதம் வைக்கப்பட்டிருப்பதால், 2048 பைட்டாக நறுக்கினால் இடைக்காட்சிகளும் சிதைந்துபோகும். முதல் பிளேஸ்டேஷனைப் பொறுத்தவரை ஐஎஸ்ஓவை மறந்துவிடுங்கள்.

இரண்டாவது கோளாறு எழுதும் முறையால் வந்தது. க்யூ கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். முதல் டிராக்குக்கு எதிரே மோட்2/2352 என்றும், அடுத்தடுத்தவற்றுக்கு எதிரே ஆடியோ என்றும், ஒவ்வொன்றின் கீழும் அது தொடங்கும் இடம் நிமிடம், நொடி, ஃபிரேம் என்ற வரிசையிலும் குறிக்கப்பட்டிருக்கும். நொடிக்கு 75 ஃபிரேம். டிராக்-அட்-ஒன்ஸ் முறையில் ஒவ்வொரு டிராக் முடிந்ததும் லேசர் அணைந்து, அடுத்ததற்கு மீண்டும் எரிகிறது. அந்த ஒட்டில் இணைப்புக்கென்று சில செக்டர்கள் செலவாவதோடு, டிராக்குகளுக்கு இடையே வழக்கமாக 2 நொடி, அதாவது 150 செக்டர், இடைவெளியும் விழுகிறது. அசலில் அந்த இடத்தில் இடைவெளி இல்லையென்றால், பின்னால் உள்ள இசையெல்லாம் அந்த அளவுக்குத் தள்ளிப்போகும். இசையை டிராக் எண்ணைக் கொண்டு அழைக்கும் விளையாட்டுகளில் இது தெரியாது. வட்டில் இத்தனையாவது நிமிடம், இத்தனையாவது நொடி என்று இடத்தைச் சொல்லித் தேடும் விளையாட்டுகளிலோ, லேசர் போய் நிற்பது முந்தைய இசையின் முடிவில்தான். டிஸ்க்-அட்-ஒன்ஸ் முறையில் லேசர் தொடக்கம் முதல் இறுதிவரை அணையாமல் எழுதுவதால், க்யூ கோப்பில் உள்ள இடங்கள் அப்படியே வட்டில் அமைகின்றன. உங்கள் பந்தய விளையாட்டுக்கு வேண்டியது அதுதான்.

ரா முறை பெரும்பாலானவற்றுக்குத் தேவையில்லை. செக்டருடன் சேர்ந்துவரும் 96 பைட் சப்சேனலையும் (டிராக் எண், நேரம் போன்றவற்றைச் சொல்லும் துணைத் தரவு) நம் விருப்பப்படி எழுத வேண்டிய இடத்தில் மட்டுமே அது பயன்படும். ஐரோப்பிய பதிப்புகள் சிலவற்றில் லிப்கிரிப்ட் என்னும் பாதுகாப்பு உண்டு. அது குறிப்பிட்ட சில செக்டர்களின் சப்சேனலில் ‘Q’ எனப்படும் பகுதியில் வேண்டுமென்றே பிழையை வைத்து, பிறகு அந்தப் பிழை இருக்கிறதா என்று சரிபார்க்கிறது. சாதாரண முறையில் எழுதும்போது ரைட்டரே (வட்டை எழுதும் டிரைவ்) சப்சேனலைப் புதிதாக, பிழையின்றி உருவாக்கிவிடுவதால் அந்த விளையாட்டு பாதியில் நின்றுவிடும். இத்தகைய வட்டுகளை சிசிடி, இமேஜ், சப் என்ற மூன்று கோப்புகளாக எடுத்து, குளோன்சிடி போன்ற மென்பொருளால் ரா முறையில் எழுத வேண்டும். அதற்கு ரைட்டரும் ஒத்துழைக்க வேண்டும். எல்லா ரைட்டர்களும் ஒத்துழைப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 780 எம்பி அளவுள்ள பின் கோப்பைப் பார்த்துவிட்டு, 700 எம்பி வட்டில் இது கொள்ளாது என்று பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். 80 நிமிட வட்டில் 3,60,000 செக்டர் உண்டு. 700 எம்பி என்பது செக்டருக்கு 2048 பைட் என்ற கணக்கு. பின் கோப்போ 2352 பைட் என்ற கணக்கில் உள்ளது. ஆகவே தாராளமாகக் கொள்ளும்.

மெதுவோட்டம்:

முறையைப் பற்றி மேலே சொன்னது சரி. வேகத்தைப் பொறுத்தவரை, மென்பொருள் காட்டும் மிகக் குறைந்த வேகத்தையே தேர்ந்தெடுங்கள். முதல் பிளேஸ்டேஷன் வட்டை அதிகபட்சம் 2x வேகத்தில்தான் படிக்கிறது; பழைய லேசருக்கு 1x அல்லது 2x வேகத்தில் எழுதிய வட்டுதான் ஏற்றது. நிதானமாக எழுதினால் குழிகள் தெளிவாக விழும்.

நீலச்சாயம்:

மன்னிக்கவும், இந்த அறிவுரை ஒரு காலத்தில் பொருந்தியது. இன்று கிடைக்கும் வட்டுகளுக்குப் பொருந்தாது. கணினியால் தரவைத் தொடர்ந்து கொடுக்க முடியாமல் எழுத்து நடுவில் அறுந்துபோன நாள்களில், வேகத்தைக் குறைப்பது ஒன்றே வழியாக இருந்தது. 2000-ஆம் ஆண்டில் சான்யோ கொண்டுவந்த பர்ன்-புரூஃப் நுட்பமும் அதைப் பின்பற்றி வந்தவையும் அந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டன. படிக்கும் வேகத்துக்கும் எழுதிய வேகத்துக்கும் நேரடித் தொடர்பு ஏதும் கிடையாது. 2x வேகத்தில் படிக்கும் கன்சோல், வட்டில் பதிந்துள்ள அடையாளங்களின் நீளத்தையும் எதிரொளிப்பையும் மட்டுமே பார்க்கிறது.

குழி என்கிறோமே தவிர, எழுதும் வட்டில் குழி எதுவும் விழுவதில்லை. லேசரின் வெப்பத்தால் சாய அடுக்கு மாறுகிறது, அவ்வளவுதான். இன்றைய சிடி-ஆர்களின் சாயம் மெல்லியது. 48x, 52x வேகத்துக்கென்று செய்யப்பட்டது. அத்தகைய வட்டில் மிக மெதுவாக எழுதினால் வெப்பம் அதிகமாகப் பரவி, அடையாளத்தின் விளிம்பு மழுங்கும் வாய்ப்பு உண்டு. ரைட்டர் ஒவ்வொரு முறையும் எழுதுவதற்கு முன் வட்டின் உள்விளிம்பில் உள்ள சோதனைப் பகுதியில் லேசரின் திறனை அளந்துகொள்கிறது. எந்த வட்டுக்கு எந்த வேகத்தில் எப்படி எழுதுவது என்ற விவரமும் அதன் ஃபர்ம்வேரில் (உள்ளமைந்த மென்பொருளில்) இருக்கிறது. யாரும் பயன்படுத்தாத ஓரத்து வேகங்களுக்கு அந்த விவரம் செம்மையாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. உச்ச வேகமும் வேண்டாம், ஏனெனில் வட்டின் வெளிப்புறத்தில் பிழைகள் கூடும். என் பரிந்துரை: சிடிக்கு 8x முதல் 16x வரை, 16x டிவிடிக்கு 4x முதல் 8x வரை.

என் சொல்லையும் நம்ப வேண்டியதில்லை, அளந்து பாருங்கள். ரைட்டர் இடம்கொடுத்தால், நீரோ டிஸ்க்ஸ்பீடு போன்ற மென்பொருள் சி1 (முதல் கட்டத்திலேயே திருத்தப்படும் பிழை), சி2 (அதைத் தாண்டிப்போகும் பிழை) ஆகியவற்றை வரைபடமாகக் காட்டும். சி1 பிழை நொடிக்குச் சராசரியாக 220 வரை இருக்கலாம் என்பது தர வரையறை. நல்ல எழுத்தில் அது அதற்கு வெகு கீழே நிற்கும். சி2 ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒரே கட்டிலிருந்து இரண்டு வட்டுகளை எடுத்து வெவ்வேறு வேகத்தில் எழுதி வரைபடங்களை அருகருகே வைத்தால், வேகத்தைப் பற்றிய வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

வட்டின் பெட்டியில் உள்ள பெயரைவிட, மென்பொருள் காட்டும் தயாரிப்பாளர் குறியீட்டைப் பாருங்கள். ஒரே பெயரில் வரும் வட்டுகள் வெவ்வேறு ஆலைகளில் செய்யப்பட்டிருக்கலாம். பழைய அன்பர்கள் இன்றும் பெருமூச்சுடன் நினைவுகூரும் தையோ யூடன் என்னும் ஜப்பானிய வட்டுத் தயாரிப்பு நிறுவனம் 2015-ஆம் ஆண்டின் இறுதியோடு இத்தொழிலை விட்டுவிட்டது.

இரட்டையடுக்கு:

டிவிடிக்கு வருகிறேன். முதலில் பிளேஸ்டேஷன் 2 வட்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நீலமாக இருந்தால் அது சிடி. மேலே சொன்னபடி சிடி-ஆரில் டிஸ்க்-அட்-ஒன்ஸ் முறையில் எழுதுங்கள். வெள்ளியாக இருந்தால் டிவிடி. டிவிடியில் ஒலி டிராக், மோட் 2 என்ற தொல்லைகள் இல்லை. செக்டருக்கு 2048 பைட் தரவு, எனவே ஐஎஸ்ஓ போதும். இம்ஜ்பர்ன் போன்ற மென்பொருளில் எழுதும் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் எழாது.

பிளஸ்ஸா மைனஸா என்பதில் உள்ள வேறுபாடு வட்டின் முன்பகுதியில் பதியும் வகைக்குறியில் இருக்கிறது. டிவிடி-ஆரில் அந்தக் குறியை மாற்ற முடியாது. டிவிடி+ஆரில், ரைட்டர் இடம்கொடுத்தால், அதை டிவிடி-ரோம் என்று பதியவைக்கலாம். அப்போது கன்சோல் அதை அச்சிட்ட வட்டாகவே எடுத்துக்கொள்ளும். அந்த வசதியுள்ள ரைட்டர் இருந்தால் பிளஸ் வாங்குங்கள். இல்லையென்றால் மைனஸ் வாங்குவதே பாதுகாப்பானது.

8.5 ஜிபி இரட்டை அடுக்கு வட்டில் அடுக்கு மாறும் இடத்தையும் கவனிக்க வேண்டும். டிவிடி+ஆர் டிஎல் வட்டின் முதல் அடுக்கில் 20,86,912 செக்டர் கொள்ளும். ஆனால், எடுத்துக்காட்டாக, எக்ஸ்பாக்ஸ் 360 என்னும் வேறொரு கன்சோலின் முந்தைய வட்டுகளில் அடுக்கு 19,13,760-ஆவது செக்டரில் மாற வேண்டும். மென்பொருளைத் தன் போக்கில் விட்டால் அது வேறு இடத்தைத் தேர்ந்தெடுத்துவிடும். ஐஎஸ்ஓவுடன் இருக்கும், .dvd என்று முடியும் சிறிய கோப்பில் இந்த எண் உள்ளது. ஐஎஸ்ஓவைத் திறக்காமல் அந்தக் கோப்பைத் திறந்து எழுத வேண்டும்.

பழையகன்சோல்:

அனைவருக்கும் நன்றி. டிஸ்க்-அட்-ஒன்ஸ் முறையில் எழுதிப் பார்த்தேன். இசை சரியான இடத்தில் தொடங்குகிறது. இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. டிரீம்காஸ்டுக்கும் இதே முறைதானா? வட்டுகள் வீணாகாமல் இருக்க, முதலில் சிடி-ஆர்டபிள்யூவில் சோதித்துப் பார்க்கலாமா?

செக்டர்2352:

டிரீம்காஸ்ட் தனி வழி. அதன் ஜிடி-ரோம் வட்டு சுமார் 1 ஜிபி கொள்ளும். 45,000-ஆவது செக்டரிலிருந்து தொடங்கும் அடர்த்தி மிகுந்த பகுதியை எந்தச் சாதாரண ரைட்டராலும் எழுத முடியாது. சிடி-ஆரில் இயங்கும் பிரதிகள், அந்தக் கன்சோலின் மில்-சிடி (இசை வட்டில் கூடுதல் தரவையும் சேர்க்கும் வடிவம்) ஆதரவைப் பயன்படுத்துபவை. முதல் செஷனில் (தனியாக எழுதிமுடிக்கும் பகுதி) ஒலி, இரண்டாவது செஷனில் விளையாட்டு என்று அமைந்தவை. எனவே, ஒரே செஷனாக எழுதிமுடிக்கும் வழக்கமான டிஸ்க்-அட்-ஒன்ஸ் இங்கே பொருந்தாது. விளையாட்டு பெரியதாக இருந்தால், இடத்துக்காக ஒலியும் காணொளியும் சுருக்கப்பட்டிருக்கும். கடைசியாக வந்த சில கன்சோல்களில் மில்-சிடி ஆதரவே நீக்கப்பட்டிருக்கிறது. இதைக் காப்புப் பிரதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முழு வட்டையும் ஜிடிஐ என்னும் கோப்பு வடிவில் எடுத்து, ரீடம்ப் என்னும் தன்னார்வத் திட்டம் பட்டியலிட்டுள்ள எஸ்எச்ஏ-1 மதிப்போடு (கோப்பின் கைரேகை போன்றது) ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வைத்துக்கொள்ளுங்கள். பிளேஸ்டேஷன் வட்டுகளுக்கும் அதையே செய்யலாம். எழுதிய வட்டு கீறினால் மீண்டும் எழுத அந்தக் கோப்புதான் கைகொடுக்கும்.

சிடி-ஆர்டபிள்யூ வேண்டாம். அச்சிட்ட சிடி 70 விழுக்காடு ஒளியையாவது எதிரொளிக்கும். சிடி-ஆரும் ஏறக்குறைய அந்த அளவுக்கு எதிரொளிக்கும். சிடி-ஆர்டபிள்யூ எதிரொளிப்பதோ 15 முதல் 25 விழுக்காடுதான். முதல் பிளேஸ்டேஷனின் வயதான லேசர் அதைக் காணாமல் தவித்தால், கோளாறு பிரதியில் இருக்கிறதா வட்டில் இருக்கிறதா என்பது உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். எழுதுவதற்கு முன் சோதிக்க விரும்பினால், அதே பின், க்யூ கோப்புகளைக் கணினியில் ஒரு எமுலேட்டரில் (கன்சோலைப் போல இயங்கும் மென்பொருள்) ஓட்டிப் பாருங்கள். இசையும் இடைக்காட்சியும் அங்கே சரியாக வந்தால் கோப்பில் குறையில்லை.