பிணைக் கையொப்பம் கேட்டு வரும் உறவினருக்கு எப்படி மறுப்பது?

களுவாஞ்சிக்குடி ஆசிரியை:
பல வங்கிக் கடன்களுக்கு அரச ஊழியர் இருவர் பிணை நிற்கவேண்டும் என்பதால், குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் அரச வேலை இருந்தால் அவருடைய வீட்டுக்கு யார் யார் வருவார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மூன்று வருடங்களுக்கு முன்னர் என் மச்சானுக்காகக் கையொப்பமிட்டேன். கட்டாருக்குச் சென்ற அவர் எட்டு மாதங்கள் ஒழுங்காகக் கட்டினார். வேலை போனதும் நிறுத்திவிட்டார். அந்தத் தவணை இப்போது என் சம்பளத்தில் கழிகிறது. கிளினிக்கில் இல்லாத பிரஷர் குளிசையை வெளியே வாங்கவேண்டியிருப்பதால் அதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடிக்கிறேன். இந்நிலையில் சின்னம்மாவின் மகன் முச்சக்கரவண்டி வாங்கப் பிணை கேட்கிறான். அப்பா இறந்தபோது எங்கள் வீட்டில் முப்பத்தொரு நாளும் அடுப்பு மூட்டியவர் சின்னம்மா. அவருக்கு நான் எப்படி இல்லை என்பேன்?

கல்முனை, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்:
சகோதரி, குளிசையை நாள்தோறும் குடியுங்கள். கிளினிக் வைத்தியரிடம் நிலைமையைச் சொன்னால், கையிருப்பில் உள்ள வேறொன்றை அவர் எழுதித் தரக்கூடும். பிணையைப் பற்றி: பணமாகக் கொடுத்தால் எவ்வளவு போகிறது என்று அப்போதே தெரியும், கையொப்பமோ இன்னும் உழைக்காத வருடங்களின் சம்பளத்தைக் கொடுத்துவிடுகிறது. முதலில் கடனாளியிடமே வசூலியுங்கள் என்று கோரும் உரிமையைப் பிணையாளர் விட்டுக்கொடுப்பதாகவே பெரும்பாலான பிணைப்பத்திரங்களில் எழுதியிருக்கும். அதை வாசித்துவிட்டுக் கையொப்பமிட்டவர்களை என் சேவைக்காலத்தில் விரல்விட்டு எண்ணலாம். கழிந்த தொகைகளின் சிட்டைகளைப் பத்திரப்படுத்துங்கள். பிணையாளர் செலுத்தியதைக் கடனாளியிடமிருந்து திரும்பப் பெறச் சட்டத்தில் இடமுண்டு.

அக்கரைப்பற்று வாசகர்:
ராத்தா, எங்கள் மார்க்கத்தில் ஸகாத் என்னும் கட்டாயக் கொடை பணத்துக்கு நாற்பதில் ஒரு பங்கு; அதுவும் நிஸாப் என்னும் அளவை எட்டி, ஒரு வருடம் கைவசம் இருந்த செல்வத்துக்கே கடமையாகிறது. மரண சாசனத்திலும் வாரிசுகளின் சம்மதமின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியாருக்கு எழுத முடியாது, மீதி வாரிசுகளுக்குரியது. கொடுப்பதை இவ்வளவு வலியுறுத்தும் மார்க்கம் கொடுப்பவரின் வீட்டையும் மறக்கவில்லை என்பதை நினைக்கும்போது எனக்கு எப்போதும் மனம் நெகிழும். சின்னம்மாவின் மகனுக்கு உங்களால் இழக்க முடிந்த ஒரு தொகையை, கடனாக அல்லாமல், அன்பளிப்பாகக் கொடுங்கள்.

கொக்கட்டிச்சோலை விவசாயி:
நான் மறுபக்கத்தில் இருந்தவன், ரீச்சர். லேண்ட்மாஸ்டர் என்னும் இருசக்கர உழவு இயந்திரம் வாங்க என் பெரியம்மா பிணை நின்றார். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து பெரும்போக வேளாண்மை படுத்தபோது என்னால் தவணை கட்ட முடியவில்லை. வங்கியிலிருந்தும் யாரும் என்னைத் தேடி வராததால் பொறுத்திருக்கிறார்கள் என்றே நம்பியிருந்தேன். ஒரு கலியாண வீட்டில் பெரியம்மா எனக்குச் சோறு போட்டபோதுதான், காப்பு கிடந்த இடத்தில் அவருடைய மணிக்கட்டின் தோல் வெளிறியிருந்ததைக் கண்டேன். காப்பை அடகு வைத்து ஆறு தவணைகளை அவர் கட்டியிருந்தார். "உனக்கு ஏன் மகன் அந்தக் கரைச்சல்" என்றார். முதல் மாதமே சொல்லியிருந்தால் லேண்ட்மாஸ்டரை விற்றிருப்பேன். அவர் என்மீது வைத்த அன்பை நான் ஒருபோதும் குறைத்து மதிக்க மாட்டேன். ஆனால் அந்த மௌனம் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. உங்கள் சின்னம்மாவிடம் சம்பளச் சிட்டையைக் காட்டுங்கள்.

களுவாஞ்சிக்குடி ஆசிரியை:
மூவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை சிட்டையுடன் சென்றேன். சின்னம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்து, "இந்தக் கழிவு என்ன மகள்?" என்று கேட்டார். சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். தம்பி இப்போதைக்கு நாள் வாடகைக்கு முச்சக்கரவண்டி ஓட்டிப் பார்ப்பதாகச் சொன்னான். முதல் வார வாடகையை நான் கொடுத்தேன். புறப்படும்போது சின்னம்மா மச்சானுடைய கட்டார் தொலைபேசி இலக்கத்தை என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டார்.