கூண்டில் கண்டது ஒன்று, காட்டில் இருப்பது ஒன்று: பிள்ளைகளின் விலங்கு ஆய்வில் கண்டவை

பிள்ளைகள் விலங்குக் காட்சிச்சாலைக்குப் போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வரும் தாள்களில் அடிக்கடி தலைகாட்டும் வரி இது: "சிறுத்தை மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும், இரையை மரத்தில் ஏற்றி வைக்கும்." ஒரே வரியில் இரண்டு விலங்குகள். ஓடுவது சிவிங்கிப்புலி, மரத்தில் ஏற்றுவது சிறுத்தை. மொழிபெயர்த்து வரும் புத்தகங்களும் நிகழ்ச்சிகளும் பல நேரம் இரண்டையுமே சிறுத்தை என்று சொல்லிவிடுகின்றன. பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை.

அதனால் தாளின் முதல் வரியில் அறிவியல் பெயர் இருக்கட்டும். கூண்டின் முன்னால் உள்ள பலகையில் பெரும்பாலும் இருக்கும், எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுத வேண்டும். பாந்தெரா பார்டஸ் சிறுத்தை, அசினோனிக்ஸ் ஜுபேட்டஸ் சிவிங்கிப்புலி. பிறகு கண்ணால் சரிபார்க்கலாம். கண்ணின் உள்மூலையிலிருந்து வாய்வரை கறுப்புக் கோடு இறங்கி, உடம்பில் மைப்பொட்டு வைத்ததுபோல் முழுக்கறுப்புப் புள்ளிகள் இருந்தால் சிவிங்கிப்புலி. உடைந்த வளையங்களாக இருந்தால் சிறுத்தை. வளையத்துக்குள்ளே மறுபடியும் குட்டிப் புள்ளி தெரிந்தால் அது அமெரிக்கக் கண்டங்களின் ஜாகுவார்.

ஒட்டகச்சிவிங்கி என்ற பெயரிலேயே இந்தச் சிவிங்கி ஒளிந்திருப்பதைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

* * *

பெயர் சரியாக இருந்தாலும் வாழிடத்தில் சறுக்குவார்கள். பென்குயின் என்றதும் பனிக்கட்டி வரைந்துவிடுகிறார்கள். பல காட்சிச்சாலைகளில் இருப்பது ஹம்போல்ட் பென்குயின். அதன் ஊர் பெரு, சிலி கடற்கரை. பாறையும் மணலும்தான், பனி கிடையாது. அலகின் அடியில் இறகில்லாத இளஞ்சிவப்புத் தோல் தெரியும், அதன் வழியே உடல் வெப்பம் வெளியேறும். கலாபகோஸ் பென்குயினோ நிலநடுக்கோட்டை ஒட்டியே வாழ்கிறது.

அடுத்தது வெள்ளைப்புலி. "பனியில் மறைந்துகொள்ள வெள்ளை நிறம்" என்று எழுதாத வகுப்பு இல்லை! அது தனி இனமும் இல்லை, தகவமைப்பும் இல்லை. ஒரு மரபணு மாற்றத்தால் வரும் நிறம். காட்சிச்சாலைகளில் நெருங்கிய உறவுகளுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்து அதைத் தக்கவைத்தார்கள். உண்மையிலேயே பனியில் நடமாடும் சைபீரியப் புலி ஆரஞ்சு நிறம்தான். புலியின் முக்கிய இரையான மான்களுக்கு ஆரஞ்சுக்கும் பச்சைக்கும் வேறுபாடு தெரியாது என்பதையும் பக்கத்திலேயே எழுதவைத்தால் நிறக் கேள்வி தீர்ந்துவிடும்.

விலங்கு எங்கெங்கே வாழ்கிறது என்று காட்டும் பரவல் வரைபடத்தைப் போவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும் என்பார்கள். ஐ.யு.சி.என். என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியலில் பெரும்பாலான விலங்கினங்களுக்கு வரைபடமும் வாழிட வகையும் இருக்கும். "காடு" என்ற ஒரே சொல்லை விடையாக ஏற்க வேண்டாம். மழைக்காடா, முட்புதரா, எவ்வளவு மழை, குளிரும் வெயிலும் எந்த அளவு என்பது வரை போக வேண்டும்.

* * *

வரைபடம் முதலில் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. படித்துவிட்டுப் போகும் பிள்ளை படித்ததைத்தான் பார்க்கும். முதலில் பார்க்கட்டும், அப்புறம் படிக்கட்டும்.

பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. ஒரே ஒரு விலங்கு, 10 நிமிடம், 30 விநாடிக்கு ஒரு குறி. மொத்தம் 20 குறிகள். தாளில் ஏழு கட்டங்கள்: படுத்திருக்கிறது, நிற்கிறது, நடக்கிறது, தின்கிறது, உடம்பைச் சுத்தம் செய்கிறது, மற்றது, கண்ணில் படவில்லை. கடைசிக் கட்டத்தை விட்டுவிட்டால் விலங்கு புதருக்குப் பின்னால் போனதும் பிள்ளை ஊகித்துக் குறி போடும். இரண்டு பேர் சேர்ந்து செய்வது வசதி: ஒருவர் கடிகாரம் பார்த்து "இப்போ" என்று சொல்ல, மற்றவர் அந்த நொடியில் விலங்கு என்ன செய்கிறதோ அதை மட்டும் குறிக்க வேண்டும். இடையில் கொட்டாவி விட்டது, உறுமியது எல்லாம் ஓரத்தில் எழுதலாம், கட்டத்துக்குள் வரக்கூடாது. கூட்டமாக இருந்தால் கொம்பு உடைந்தது, காது கிழிந்தது என்று அடையாளம் உள்ள ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஐந்தாவது நிமிடத்தில் ஆள் மாறிவிடும்.

சிங்கத்துக்கு 20-இல் 14 குறி "படுத்திருக்கிறது" என்று வந்தால் அந்த 10 நிமிடத்தில் 70 சதவீதம் என்றுதான் பொருள். "சிங்கம் நாளில் 70 சதவீதம் தூங்கும்" என்று எழுதினால் தவறு. நேரத்தையும் வெயிலையும் கூடவே குறித்தால்தான் இன்னொரு நாள் கணக்கோடு ஒப்பிட முடியும்.

"கோபமாக நடக்கிறது" என்பது பார்த்தது அல்ல. "வேலியோரமாக இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் 6 முறை நடந்தது" என்பதே பார்த்தது. ஒரே தடத்தில் இப்படித் திரும்பத் திரும்ப நடப்பது அடைபட்ட வாழ்க்கையால் வருவது. பனிக்கரடியிடமும் பெரிய பூனைகளிடமும் இது அதிகம். இதைக் கொண்டுபோய் "எல்லையைக் காவல் காக்கிறது" என்று தகவமைப்பு என்ற தலைப்பின் கீழே போட்டுவிடுகிறார்கள்.

* * *

உணவுக்கு இரண்டு பத்தி கோடு போடுங்கள்: காட்டில், இங்கே. பராமரிப்பாளரிடம் "என்ன சாப்பிடும்?" என்று கேட்டால் ஒரு சொல்லில் விடை வரும். "இன்றைக்கு என்ன போட்டீர்கள், எத்தனை கிலோ, எத்தனை வேளை, கூட என்ன கலந்தீர்கள்?" என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். எலும்பில்லாத இறைச்சியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. அதனால் பூனை இனங்களுக்கு எலும்போடு போடுவார்கள், அல்லது கால்சியம் தூவுவார்கள். மனிதர் பயிரிடும் பழங்களில் காட்டுப் பழங்களைவிடச் சர்க்கரை அதிகம், நார் குறைவு. ஆகவே கொரில்லாவுக்குப் பழத்தைக் குறைத்து இலை தழை கொடுக்கும் இடங்கள் உண்டு. பூநாரையின் இளஞ்சிவப்பு உணவிலுள்ள கரோட்டினாய்டு நிறமியிலிருந்து வருவது. தீவனத்தில் அது இல்லாவிட்டால் புதிதாக முளைக்கும் இறகு வெளுத்துப்போகும்.

* * *

தகவமைப்புக்கு "நீண்ட கழுத்து", "திமில்" என்று உறுப்பின் பெயரை மட்டும் எழுதினால் பாதி வேலைதான். சிக்கல், உறுப்பு அல்லது செயல், அதனால் கிடைப்பது என்று மூன்றும் வேண்டும். பாலைவனத்தில் தண்ணீர் அரிது. தாகத்தில் இருக்கும் ஒட்டகம் விடியற்காலையில் உடல் வெப்பத்தை 34 டிகிரி செல்சியஸ் வரை இறங்கவிட்டு, மாலைக்குள் 40-க்கு மேல் ஏறவிடும். வியர்க்காமல் தண்ணீர் மிச்சமாகும். திமிலில் இருப்பது கொழுப்பு, தண்ணீர் அல்ல. இதைத் திருத்தாமல் ஒரு தாளும் போகாது.

கடல்நாயின் தோலடிக் கொழுப்பைச் செய்து பார்க்கலாம். ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வனஸ்பதி மாதிரி கெட்டிக் கொழுப்பைப் போட்டு, உள்ளே இன்னொரு பையை நுழைத்து, ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரவும்படி வெளியிலிருந்து பிசைய வேண்டும். கொழுப்பில்லாத இரட்டைப் பை ஒன்றும் தேவை. இரண்டிலும் வெப்பமானி வைத்து ஐஸ் தண்ணீரில் இறக்கி, நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து முறை குறிக்கலாம். பையின் வாய் தண்ணீருக்கு மேலே இருக்கட்டும். கையை விட்டுப் பார்ப்பதானால் ஒரு நிமிடம் போதும்.

கெட்டுப்போவது எங்கே என்றால், கொழுப்பில்லாத இரட்டைப் பையில். இரண்டு பைகளுக்கும் இடையே காற்று தங்கிவிட்டால் அதுவும் குளிரைத் தடுக்கும், இரு வெப்பமானிகளும் கிட்டத்தட்ட ஒரே அளவைக் காட்டும். காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டு மறுபடி செய்ய வேண்டும். ஆனால் முதலில் வந்த எண்களை அழித்துவிட வேண்டாம். கடல் நீர்நாய்க்குத் தோலடிக் கொழுப்புப் போர்வை கிடையாது, அடர்ந்த மயிரில் சிக்கும் காற்றுதான் அதற்குக் காப்பு. அந்த எண்களைத் தனித் தாளில் கடல் நீர்நாயின் பெயரில் எழுதிக்கொள்ளலாம்.