கீ இல்லாத மரக்குழல்: எஃப், ஜி ஷார்ப், பி ஃபிளாட், ஈ ஃபிளாட் சுருதி சேரவில்லை

குழல்பித்து:
ஆறு துளை டி குழல், ஐரிஷ் வகை, கீ (துளையைத் திறந்து மூடும் நெம்பு) ஒன்றும் இல்லை, துளைகள் பெரியவை. டி மேஜரும் ஜி மேஜரும் சிக்கலில்லை. சி நேச்சுரலுக்கு ○●○ ●●● வைக்கிறேன் (ஊதுதுளைப் பக்கத்திலிருந்து ஒன்று முதல் ஆறு வரை; ● மூடிய துளை, ○ திறந்த துளை, ◐ அரைத்துளை, அதாவது பாதி மூடியது), அதுவும் சரியாக நிற்கிறது. தலைப்பில் உள்ள நான்கு சுரங்கள்தான் தகராறு. அரைத்துளை வைத்தால் ட்யூனர் எப்போதும் கூடுதலாகவே காட்டுகிறது, நாதமும் மெலிகிறது. பரோக் குழலுக்கான (17-18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் குழல்) அட்டவணையைப் பார்த்து எஃப்புக்கு ●●● ●○● வைத்தால் கிட்டத்தட்ட எஃப் ஷார்ப்தான் கேட்கிறது. அட்டவணை தவறா, குழல் தவறா?

காற்றுவழி:
இரண்டும் சரிதான் நண்பரே, அந்த அட்டவணை உங்கள் குழலுக்கானது இல்லை, அவ்வளவுதான். ஒரு துளையைத் திறந்துவிட்டு அதற்குக் கீழே உள்ளவற்றை மூடினால் சுருதி இறங்கும், இதைத்தான் குறுக்கு விரல் என்கிறோம். எவ்வளவு இறங்கும் என்பது திறந்த துளையின் அளவைப் பொறுத்தது. பரோக் குழலின் சின்னத் துளையில் அலை அங்கேயே முடிந்துவிடாமல் கீழேயும் கொஞ்சம் போகும், அதனால் கீழ்விரல்கள் அரைச் சுரம் வரை இழுத்துவிடும். பெரிய துளையில் அலை அங்கேயே முடிந்துவிடுகிறது. கீழே எதை மூடினாலும் பெரிய மாற்றம் இருக்காது. துளை பெரிதானால் நாதம் கனக்கும், குறுக்கு விரல் பலவீனமாகும்.

எனவே எஃப்புக்கு ●●● ●◐○, அதாவது ஐந்தாம் துளை அரை. ஜி ஷார்ப்புக்கு மூன்றாம் துளை அரை. மேல் ஸ்தாயியில் மட்டும் ஜி ஷார்ப்புக்கு ●●○ ●●○ வைத்துப் பாருங்கள், பல குழல்களில் பிடி கொடுக்கும். பி ஃபிளாட்டுக்கு ●○● ●○○ வைத்துத் தொடங்குங்கள். கூடுதலாக இருந்தால் ஐந்து, ஆறை ஒவ்வொன்றாக மூடுங்கள், குறைவாக இருந்தால் நான்கைத் திறந்துவிடுங்கள்.

ஈ ஃபிளாட்டுக்குக் குறுக்கு விரலே கிடையாது. ஆறாம் துளைக்குக் கீழே மூடுவதற்கு ஒன்றும் இல்லை, ஆறாம் துளையை அரை வைப்பதுதான் வழி. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் குழலுக்கு முதல் கீ வந்தபோது அது இந்தச் சுரத்துக்காகவே வந்தது.

விரல்நுனி:
மேலே சொன்னதோடு அரைத்துளை வைக்கும் முறையையும் பார்க்க வேண்டும். சுருதி கூடுவதற்குக் காரணம் 'அரை' என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வதுதான். துளை கொஞ்சம் திறந்ததுமே சுருதி சட்டென்று ஏறிவிடும், அதற்கப்புறம் ஏற்றம் மெதுவாகிவிடும். பெரிய துளையில் பாதிக்கும் குறைவாக, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு திறந்தாலே பெரும்பாலும் போதும்.

விரலைத் தூக்காதீர்கள். நுனியால் அல்லாமல் சதைப்பகுதியால் துளையை மூடி, விரலை உள்ளங்கைப் பக்கமாக உருட்டி ஓர் ஓரத்தை மட்டும் திறங்கள். தூக்கினால் எல்லாப் பக்கமும் காற்று கசியும், நாதம் மெலிவது அதனால்தான். உருட்டினால் விளிம்பு விரலில் அழுந்திக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிறுத்தலாம்.

பழகுவதற்கு டி சுருதி போட்டுக்கொண்டு ஈ-யிலிருந்து எஃப் ஷார்ப் வரை ஒரே மூச்சில் மெதுவாக உருட்டிப் போங்கள். டி-யை ஷட்ஜமாக வைத்தால் எஃப் என்பது சாதாரண காந்தாரம், ஈ ஃபிளாட் சுத்த ரிஷபம், ஜி ஷார்ப் பிரதி மத்யமம், பி ஃபிளாட் சுத்த தைவதம். காது அந்த இடத்தைப் பிடித்ததும் விரலை நிறுத்துங்கள், ட்யூனரை அதற்குப் பிறகு பாருங்கள். முள்ளைப் பார்த்தே விரலை நகர்த்தினால் பாட்டில் அந்த இடம் கிடைக்காது.

இந்தச் சுரங்களில் உதட்டு இடைவெளியைக் கொஞ்சம் குறுக்கி, காற்றை ஊதுதுளையின் விளிம்புக்குக் குவியுங்கள். பலமாக ஊதினால் சுருதி இன்னும் ஏறும்.

குழல்பித்து:
மிக்க நன்றி. உருட்டினால் எஃப் உடனே தெளிகிறது. ஈ ஃபிளாட்தான் இன்னும் வசப்படவில்லை, வலது மோதிர விரல் ஆறாம் துளைக்குச் சரியாக எட்டவில்லை.

விரல்நுனி:
வலது கைத் துளைகள் தனித் துண்டில் இருக்கும் குழலானால், அந்தத் துண்டை உங்கள் பக்கமாகச் சில மில்லிமீட்டர் திருப்பிப் பாருங்கள். விரலின் சதை துளைமேல் தானாக உட்கார வேண்டும். மேல் ஸ்தாயி ஈ ஃபிளாட்டுக்கு முதல் துளையைத் திறந்து ○●● ●●◐ வையுங்கள், தெளிவாக எழும்பும்.

காற்றுவழி:
கசிவையும் பார்த்துவிடுங்கள். ஆறு துளையையும் மூடி, அடிமுனையைக் கார்க்கால் அடைத்து, ஊதுதுளை வழியாகக் காற்றை உறிஞ்சுங்கள். அந்த இழுவை சில நொடிகளாவது நிற்க வேண்டும். உடனே விட்டுவிட்டால் இணைப்பில் உள்ள நூலோ கார்க்கோ தளர்ந்திருக்கிறது. விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். கீழ் டி-யும் ஈ ஃபிளாட்டும்தான் கசிவில் முதலில் அடிபடும்.

இன்னொன்று: வேகமான பாட்டில் ஈ ஃபிளாட்டும் பி ஃபிளாட்டும் அடுத்தடுத்து வந்தால் டி குழலோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஜி மைனர் பாட்டுக்கு எஃப் குழல் எடுங்கள். டி குழலில் சி நேச்சுரலுக்கு வைக்கும் அதே விரல் அதில் ஈ ஃபிளாட் கொடுக்கும், பி ஃபிளாட் சாதாரணத் திறந்த துளையிலேயே வந்துவிடும். டி மைனருக்கும் அதே குழல் போதும், ஒரு குறுக்கு விரல்கூடத் தேவையில்லை.