தாயம் விழ வாய்ப்பு 1/7ஆ 1/8ஆ? கணக்கு டீச்சர்ஸ் கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க

எட்டாவது பசங்களுக்கு வீட்டுல ட்யூஷன் எடுக்குறேன். நிகழ்தகவுக்கு தாயக்கட்டை ரெண்டை உருட்ட விட்டேன், செம ஜாலியா விளையாடுறாங்க, ஆனா 1,2,3,4,5,6,12ன்னு ஏழு விதமாத்தானே விழுது அப்ப தாயத்துக்கு 1/7 தானே மிஸ்ங்கிறாங்க. ஒவ்வொரு கட்டைலயும் 0,1,2,3 இருக்கு (ரெண்டும் 0ன்னா 12), மொத்தம் 16 விதம், அதுல தாயம், அதாவது கூட்டினா 1, வர்றது 2 விதம்தான், அதனால 1/8ன்னு டேபிள் போட்டா தலையாட்டுறாங்க, மறுநாள் திரும்ப 1/7! 0,1ம் 1,0ம் ஒண்ணுதானேன்னு ஒருத்தன் சண்டைக்கே வந்துட்டான். உருட்டியே நிரூபிக்கலாம்னா 80 தடவை உருட்டினாலும் 10க்கும் 11க்கும்தான் வித்தியாசம் வரும், எடுபடாது. ரெண்டு கட்டைக்கும் வேற வேற கலர் அடிச்சா புரியுமா, யாராவது ட்ரை பண்ணிருக்கீங்களா?

செங்கோண முக்கோணம் பரவால்ல, கொத்தனார் மூலைமட்டம் பாக்குற 3, 4, 5 அடி கணக்கை முற்றத்துல கயிறு கட்டிக் காட்டினதும் புடிச்சுக்கிட்டாங்க. படத்தைக் கொஞ்சம் சாய்ச்சு வரைஞ்சா மட்டும் கர்ணம் எதுன்னு முழிக்கிறாங்க, அதுக்கும் ஏதாவது ஐடியா இருந்தா சொல்லுங்க.