பழைய மலைச் சைக்கிள்: எந்த மாடல், எந்த வருடம்? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஃப்ரீமான்ட்_வாசி:

சான் ஹோசேயில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் விற்பனை. கராஜ் சுவரோரம் ஒரு நீல நிற மலைச் சைக்கிள், ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் ஸ்டம்ப்ஜம்பர் மாடல். விற்ற அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். "என் கணவர் வாங்கியது. 1981, முதல் வருட வண்டி" என்றார். அந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம்.

ஆனால் பின் டீரெய்லரில், அதாவது செயினை நகர்த்திக் கியர் மாற்றும் பாகத்தில், மான் தலைச் சின்னம். ஷிமானோ கம்பெனியின் டியோர் எக்ஸ்டி! முதல் வருட வண்டியில் சன்டூர் கம்பெனி டீரெய்லர் அல்லவா வரும்? கிரீஸைத் துணியால் துடைத்து, உட்பக்கத் தகட்டில் போன் வெளிச்சத்தை அடித்தேன். பொடி எழுத்தில் ஜே, பி. ஷிமானோவின் தேதிக் குறியீடு, அதாவது பிப்ரவரி 1985. அந்த அம்மா குனிந்து "என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார். சொன்னேன். "அவர் பொய் சொல்ல மாட்டாரே" என்றார், என்னிடம் இல்லை, சைக்கிளைப் பார்த்து. அதுதான் மனதை விட்டுப் போகவில்லை.

வண்டியை வாங்கிவிட்டேன். இது 85 வண்டியா, இல்லை 81 வண்டியில் பிற்பாடு மாட்டிய டீரெய்லரா?

லண்டன்_பெடல்:

எனக்கு ஸ்டிக்கரே இல்லாத வண்டி வந்து சேர்ந்தது. யாரோ பிரஷ்ஷால் பழுப்புப் பெயிண்ட் பூசி வைத்திருந்தார்கள். ஈஸ்ட் ஹாமில் பக்கத்து வீட்டுக்காரர் ஷெட்டைக் காலி செய்தபோது சும்மா கொடுத்தது. ஃபிரேமின் மேல்குழாயான டாப் டியூபில் ஒரு இடத்தில் பெயிண்ட் உரிந்திருந்தது. நகத்தால் மெல்ல நெம்பினேன், ஒரு விரல் தடம் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் உரித்ததும் முழுப் பாதமும். நரியின் பாதம்! மடி ஃபாக்ஸ் கம்பெனியின் சின்னம். எண்பதுகளில் லண்டன் தெருவெல்லாம் ஓடிய வண்டி. சமையலறையில் இருந்த மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நாய்க்கால் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கிராங்க்சாமி:

முதல் பதிவு போட்டவருக்கு. ஒரே ஒரு டீரெய்லரை வைத்துக்கொண்டு வண்டிக்கு வயது சொல்ல முடியாது, ஐயா. டீரெய்லரும் செயினும் தேய்ந்தால் மாற்றுகிற சாமான்கள். வான்கூவரில் நான் வாங்கிய ராக்கி மவுண்டன் சைக்கிளிலும் முன் சக்கரம் ஒரு காலம், பின் சக்கரம் ஒரு காலம்.

செய்ய வேண்டியது இது. இரண்டு கிராங்கையும் (பெடல் மாட்டும் கைகளை) திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். ஷிமானோவில் முதல் எழுத்து வருடம்: ஏ என்றால் 1976, அங்கிருந்து வரிசையாக இஸட் வரை போனால் 2001. இரண்டாவது எழுத்து மாதம், ஏ முதல் எல் வரை. இரண்டு மூன்று பாகங்கள் ஒரே காலத்தைக் காட்டினால்தான் அது வண்டியின் வயது. அப்புறம் மாற்ற முடியாததைப் பாருங்கள், அதாவது ஃபிரேமை. பின் சக்கரம் உட்காரும் இடைவெளியை அளந்து பாருங்கள். 135 மி.மீ. வந்தால் 81 என்ற பேச்சுக்கே இடமில்லை. பின் பிரேக் செயின்ஸ்டேக்கு (பெடல் அச்சிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் குழாய்க்கு) அடியில் தொங்கினால் எண்பதுகளின் பின்பாதி. பாட்டம் பிராக்கெட்டுக்கு, அதாவது பெடல் அச்சு இருக்கும் இடத்துக்கு, அடியில் சீரியல் நம்பர் இருக்கும், சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்துப் படம் எடுங்கள். கம்பி பிரஷ் மட்டும் வேண்டாம். 81 வண்டியென்றால் டிஏ கம்பெனி கிராங்க், மஃபாக் கம்பெனி பிரேக். உங்களுடையதில் என்ன இருக்கிறது என்று சொல்லவே இல்லையே?

ஸ்கார்பரோ_கியர்:

கிராங்க்சாமி, எல்லாவற்றுக்கும் எழுத்தைத் தேட வேண்டியதில்லை, கை வைத்தாலே சில விஷயம் தெரிந்துவிடும். என் வண்டியில் வி-பிரேக் (நீளக் கைகள் கொண்ட பிரேக்) இருந்ததால், கடைக்காரர் 96-க்குப் பிந்தியது என்று அடித்துச் சொன்னார். என் மகள் ஏறி உட்கார்ந்து கியர் மாற்றினாள். மேலேற்றவும் கட்டைவிரல், கீழிறக்கவும் கட்டைவிரல். ஆள்காட்டி விரலுக்கு அங்கே வேலையே இல்லை. அது ஷிமானோவின் முதல் தலைமுறை ராபிட்ஃபயர் கியர் லீவர், 1990 வாக்கில் வந்தது! பிரேக்தான் பிற்பாடு மாட்டியது. கடைக்காரர் அதன் பிறகும் ஒத்துக்கொள்ளவில்லை, எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஃப்ரீமான்ட்_வாசி:

கிராங்கைப் பார்த்துவிட்டேன். டிஏ இல்லை, ஷிமானோதான். இரண்டிலும் ஐ, எல். டிசம்பர் 1984. பின் இடைவெளி 130 மி.மீ. டீரெய்லரும் கிராங்கும் இரண்டே மாத வித்தியாசத்தில் நிற்கின்றன, ஆகவே 85 வண்டி என்றே நினைக்கிறேன். அந்த அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்றுதான் தெரியவில்லை. அவருடைய போன் நம்பர் இருக்கிறது.

லண்டன்_பெடல்:

சொல்லுங்கள். ஆனால் கேள்வியாகக் கேளுங்கள். அவர் 81-இல் ஒன்று வாங்கி, அதைக் கொடுத்துவிட்டு 85-இல் இன்னொன்று எடுத்திருக்கலாம். அப்படியென்றால் அவர் சொன்னது பொய்யே இல்லை. அந்தக் கால ஆல்பத்தில் சைக்கிளோடு நிற்கிற படம் ஏதாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். வலது பக்கம் கிராங்க் தெரிகிற மாதிரி ஒரு படம் கிடைத்தால் போதும், இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்லிவிடலாம்.